ஆடாதவர்க்கும் புகழ் மண்டபத்தில் இடமுண்டோ?

ஒரு நாட்டு மக்கள் யாரைப் போற்றுகின்றனர் என்பதை அறிந்தால், அம்மக்களின் உள்ளத்தையும் ஓரளவு அறிந்தவராவோம். அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் சிலை எடுப்பது எங்குமுள்ள வழக்கம். ஐக்கிய அமெரிக்காவிலோ, விளையாட்டில் வல்லவரைப் போற்றுதற்கென்றே ஒரு மண்டபம் அமைத்து, அதில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுப்பது என்று ஆண்டுதோறும் வாதிட்டு வருகின்றனர். நியூயோர்க் மாநிலத்தில், கூப்பர்ஸ்ரவுன் என்னும் சிற்றூரில், பேஸ்போல் ஆட்டத்தின் புகழ் மண்டபம் இருக்கின்றது. 1936ஆம் ஆண்டில் முதல் ஐவர் அதற்குத் தெரிவாயினர். 1939 யூன் 12ஆம் நாள் மண்டபம் திறக்கப்பட்டது. தெரிவு பெற்ற ஒவ்வொருவர்க்கும் அங்கே முகமும் பெயரும் பொறித்த வெண்கலத் தகடு ஒன்று உண்டு.

முதல் ஐவரும் களத்தில் ஆடியவர்கள். பேப் ரூத், ரை கொப் போன்றோரின் பெயரை அந்நாட்டிற் சிறுவரும் அறிவர். அவர்கள் எத்தனை முறை பந்தை அடித்தனர், எத்தனை ஆட்டம் வென்றனர் என்பவற்றைக் கணக்கேடு காட்டும். ஆகவே அவர்களைப் பற்றிய வாதம் பெரும்பாலும் எண்ணைக் கொண்டே தீர்ந்துவிடும். ஆயின் 2025ஆம் ஆண்டளவில் 350 பேரைக் கடந்துவிட்ட அம்மண்டபத்தில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் ஆட்டத்திறனுக்காகச் சேர்க்கப்பட்டவர் அல்லர். முகாமையாளர், நடுவர், கழக உரிமையாளர், ஆணையாளர், முன்னோடிகள் எனப் பல திறத்தார் அவர்கள். மட்டை பிடித்தவனுக்குச் சான்று அவன் அடித்த அடி. மட்டை பிடியாதவனுக்குச் சான்று யாது? இக்கேள்விக்கு விடை காண முயன்றால், புகழ் என்பது யாது, அதை வழங்கும் உரிமை யாருக்குரியது என்னும் பெரிய கேள்விகளும் உடன் எழுகின்றன.

பேஸ்போல் ஆட்டத்தை அறியாத நேயர்க்கு ஒரு சொல். துடுப்பாட்டத்தைப் போலவே இதிலும் ஒருவர் பந்தெறிவார், ஒருவர் மட்டையால் அடிப்பார். பக்கத்துக்கு ஒன்பதின்மர். அடித்தவர் சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். ஒன்பது முறை இவ்வாறு இருபுறமும் மாறி ஆடுவர். இவ்வளவு தெரிந்தாற் போதும். நாம் ஈண்டு பேசப்போவது பெரும்பாலும் களத்துக்கு வெளியே நிகழ்ந்தவற்றைப் பற்றியே.

முதலில், ஐயத்துக்கு அதிகம் இடமில்லாதவர்களைப் பார்ப்போம். முகாமையாளர்க்குக் கணக்கு உண்டு. கொனி மக் என்பவர் பிலடெல்பியாக் கழகத்தை 1901 முதல் 1950 வரை ஐம்பதாண்டு நடத்தினார். அவர் வென்ற ஆட்டங்கள் 3,731. அவ்வளவு ஆட்டங்களை வேறெந்த முகாமையாளரும் வென்றதில்லை. அவர் தோற்ற ஆட்டங்களோ அதனினும் மிகுதி. எனினும் 1937இல் அவரைத் தெரிவுசெய்தபோது எவரும் முகஞ்சுளிக்கவில்லை. நடுவர்களுள் 1953இல் முதன்முதலாக இருவர் இடம்பெற்றனர். அவருள் ஒருவரான பில் கிளெம், இறுதித் தொடர்களிற் பதினெட்டுக்கு நடுவராக நின்றவர். இன்றுவரை பத்து நடுவர்களே மண்டபத்திற் சேர்ந்துள்ளனர். நடுவர் நன்றாகத் தொழில் செய்த நாளில் அவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பேசப்படாமையே அவர் திறமைக்குச் சான்று. அத்தகையோர் பதின்மருக்காவது தகடு கிடைத்தமை நன்றே.

சிக்கல் எழுவது முன்னோடிகளிடத்தும் ஆட்சியாளரிடத்துமே. தொடக்கத்திலேயே ஒரு தவறு நேர்ந்தது. தேசிய லீக் என்னும் கழகக் கூட்டமைப்பு 1876இல் தோன்றியது. அதை எண்ணித் திட்டமிட்டு உருவாக்கியவர் சிக்காகோவைச் சேர்ந்த வில்லியம் ஹல்பேட். ஆயின் அதன் முதல் தலைவராகப் பெயர் பெற்றவர் மோர்கன் பல்க்லி என்னும் செல்வர். பிற்காலத்தில் கனெற்றிக்கட் மாநிலத்தின் ஆளுநராகவும் விளங்கிய அவர், ஓராண்டளவே அத்தலைமையில் இருந்தார். 1937இல் அமெரிக்கன் லீக்கின் முதல் தலைவரான பான் ஜோன்சனைச் சேர்த்தபோது, தேசிய லீக்கின் முதல் தலைவரையும் உடன் சேர்த்தனர். பல்க்லி மண்டபம் புகுந்தார். வீட்டைக் கட்டிய ஹல்பேட்டோ 1995 வரை வெளியே நின்றார். அதாவது, திறப்பு விழாவில் மாலை பெற்றவர்க்கு இடம் கிடைத்த பின் ஐம்பத்தெட்டு ஆண்டு கழித்தே கட்டிய கொத்தனார்க்கு இடம் கிடைத்தது. பதவியைப் பார்த்துப் புகழ் வழங்குவதன் விளைவு இது.

இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. அலெக்சாண்டர் கார்ட்றைற் என்பவர், 1845இல் நியூயோர்க் நிக்கர்பொக்கர் கழகம் தன் விதிகளை எழுதியபோது உடனிருந்தவர். 1938இல் அவரைச் சேர்த்துத் தகட்டைப் பொறித்தபோது, தளத்துக்குத் தளம் 90 அடி, பக்கத்துக்கு ஒன்பதின்மர், ஒன்பது முறை ஆடல் ஆகிய மூன்றையும் அவரே வகுத்தார் என்று பொறித்துவிட்டனர். பின்வந்த ஆராய்ச்சியாளர் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, 1845ஆம் ஆண்டு விதிகளில் இவை காணப்படவில்லை. இவை 1857இல் நிகழ்ந்த மாநாட்டில் நிலைபெற்றவை. அம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் டானியல் அடம்ஸ் என்னும் மருத்துவர். ஆட்டத்துக்கு வேண்டிய பந்துகளையும் தம் கையாலேயே செய்தளித்தவர் அவர். அம்மாநாட்டு விதிகளின் கையெழுத்துப்படி 2016இல் 32 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. ஆயின் அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், 2015 டிசெம்பரில், பதினாறு பேர் கொண்ட தெரிவுக்குழுவில் அடம்ஸுக்குக் கிடைத்த வாக்குகள் பத்து. வேண்டியவை பன்னிரண்டு. அவர் எழுதிய தாளுக்கு இருக்கும் மதிப்பு அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இனி, பதவியும் அதிகாரமும் மிக்கோரை நோக்குவோம். 1919ஆம் ஆண்டின் இறுதித் தொடரில், சிக்காகோக் கழகத்தின் ஆட்டக்காரர் சிலர் சூதாடிகளிடம் பணம் பெற்றுத் தோற்றுக் கொடுத்தனர் என்னும் செய்தி வெளியாயிற்று. மக்கள் நம்பிக்கை ஆட்டங்கண்டது. அதை மீட்பதற்காகக் கழக உரிமையாளர்கள் கெனெசோ மவுண்டன் லண்டிஸ் என்னும் நீதிபதியை ஆணையாளராக அமர்த்தினர். 1921இல் நீதிமன்று விசாரிக்கப்பட்ட ஆட்டக்காரரை விடுவித்தது. லண்டிஸோ எண்மரை ஆயுள் முழுதும் ஆட்டத்திலிருந்து விலக்கினார். ஆட்டத்தின் நேர்மையைக் காத்தவர் என்று அவரைப் போற்றினர். 1944இல் அவர் மறைந்ததும் உடனேயே மண்டபத்திற் சேர்த்தனர்.

ஆயின் அதே லண்டிஸ் ஆணையாளராக இருந்த இருபத்துநான்கு ஆண்டுகளில் ஒரு கறுப்பினத்தவரேனும் பெருங்கழகங்களில் ஆடவில்லை. கறுப்பினத்தவரை விலக்குமாறு கூறும் எழுத்து விதி எதுவும் இருந்ததில்லை. உரிமையாளர்கள் தமக்குள் கொண்டிருந்த வாய்மொழி வழக்கமே அது. ஆட்டத்தின் நேர்மைக்காக எண்மரை ஒரு சொல்லால் விலக்க வல்லவர், அந்த அநீதியை ஒரு சொல்லாற் கண்டித்திருக்கலாகாதோ? ஆண்டுதோறும் சிறந்த ஆட்டக்காரர்க்கு வழங்கும் பரிசிலிருந்து லண்டிஸின் பெயரை 2020இல் நீக்கினர். மண்டபத்தில் அவர் தகடு அப்படியே இருக்கிறது. ஒருமுறை பதித்த தகட்டை அகற்றும் வழக்கம் அங்கில்லை.

லண்டிஸுக்கு எதிர்ப்புறத்தில் நிற்பவர் பிராஞ்ச் றிக்கி. ஆட்டக்காரராக அவர் சிறக்கவில்லை. 1907இல் ஒரே ஆட்டத்தில் எதிர்ப்பக்கத்தார் பதின்மூன்று தளங்களை அவர் கண்முன்னே திருடி ஓடினர். முகாமையாளராகவும் பெரும்புகழ் ஈட்டவில்லை. ஆயின் ஆட்சியாளராக அவர் செய்தவை இரண்டு. பணமில்லாத சென் லூயிஸ் கழகத்தில் இருந்தபோது, சிறு நகரங்களிற் கிளைக் கழகங்களை அமைத்து, இளைஞரைப் பயிரைப்போல் வளர்த்தெடுக்கும் முறையைக் கண்டார். இன்று எல்லாக் கழகங்களும் அம்முறையையே பின்பற்றுகின்றன. பின்னர் புரூக்ளின் கழகத்தை நடத்தியபோது, 1945இல் ஜக்கி றொபின்சன் என்னும் கறுப்பின வீரரை ஒப்பந்தம் செய்தார். 1947 ஏப்பிரல் 15ஆம் நாள் றொபின்சன் களத்தில் இறங்கினார். ஏறத்தாழ அறுபதாண்டுத் தடை அன்று உடைந்தது. தடையைத் தாங்கி நின்று உடைத்தவர் றொபின்சன். வாயிலைத் திறந்தவர் றிக்கி. றொபின்சன் 1962இலும் றிக்கி 1967இலும் மண்டபம் புகுந்தனர். களத்தில் ஆடாது, ஆட்டத்தையே மாற்றியவர் யார் என்று கேட்டால், முதலிற் சொல்லத்தக்க பெயர் றிக்கியினுடையது.

எனினும் அக்கதையிலும் மறுபக்கம் ஒன்று உண்டு. விலக்கப்பட்ட கறுப்பின வீரர்கள் வீணே இருந்தாரல்லர். 1920இல் றூப் பொஸ்ரர் என்பவர் நீக்ரோ தேசிய லீக்கை நிறுவினார். அவ்வழியிற் பல கழகங்கள் வளர்ந்தன. நியூவார்க் நகரிலிருந்த ஈகிள்ஸ் கழகத்தைக் கணவருடன் சேர்ந்து நடத்தியவர் எபா மான்லி என்னும் அம்மையார். ஒப்பந்தம், ஊதியம், பயணம், விளம்பரம் யாவும் அவர் கையில் இருந்தன. 1946இல் அக்கழகம் நீக்ரோ லீக்குகளின் இறுதித் தொடரை வென்றது. றிக்கி அக்கழகங்களிலிருந்து வீரரை எடுத்தபோது கழகங்களுக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை. மான்லி அம்மையார் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். வீரர்க்கு வழி திறந்தமை நன்று. அவ்வீரரை வளர்த்தவரை வெறுங்கையராக விட்டமை நன்றோ என்பதே அவர் கேள்வி. 1947இல் லரி டோபி என்னும் வீரரைக் கிளீவ்லன்ட் கழகம் எடுத்தபோது, அதன் உரிமையாளர் பில் வீக் ஈகிள்ஸ் கழகத்துக்கு 15,000 டொலர் கொடுத்தார். அந்த உரிமையை நிலைநாட்டியவர் மான்லி. 2006இல் அவர் தெரிவு பெற்றார். அம்மண்டபத்தில் இன்றுவரை இடம்பெற்ற பெண் அவர் ஒருவரே.

அதே 2006ஆம் ஆண்டில், கறுப்பினத்தார் ஆட்ட வரலாற்றுக்கென அமைந்த சிறப்புக் குழு, மான்லி உட்படப் பதினெழுவரைத் தெரிவுசெய்தது. பக் ஓநீல் என்பவரைத் தெரிவுசெய்யவில்லை. ஓநீல் அக்கழகங்களில் ஆடியவர். கன்சாஸ் நகரக் கழகத்தின் முகாமையாளர். 1962இற் பெருங்கழகங்களின் முதற் கறுப்பினப் பயிற்றுநர். அழிந்துபோகவிருந்த வரலாற்றைக் காக்கக் கன்சாஸ் நகரில் நூதனசாலை எழுப்பியவருள் முதல்வர். அவருக்கு அப்போது வயது தொண்ணூற்றுநான்கு. தம் பெயர் இல்லாத அவ்விழாவுக்கு அவர் சென்றார். தெரிவு பெற்ற பதினெழுவரும் மறைந்துவிட்டவர்களாதலின் அவர் சார்பில் மேடையேறி மகிழ்ச்சியுடன் பேசினார். சில வாரங்களில், ஒக்ரோபர் 6ஆம் நாள், அவரும் மறைந்தார். 2021 டிசெம்பரில் வேறொரு குழு பதின்மூன்று வாக்குகளால் அவரைத் தெரிவுசெய்தது. கண்ணிருந்தபோது காட்டாத விளக்கைக் கண்மூடிய பின் ஏற்றினர்.

நேயர்களே, இனி இவ்வாதம் முழுவதற்கும் நடுவாக நிற்கும் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் பெயர் மார்வின் மில்லர். உருக்குத் தொழிலாளர் சங்கத்திற் பொருளியலாளராகப் பணியாற்றியவர். 1966இல் பேஸ்போல் ஆட்டக்காரரின் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். அக்காலத்தில் ஒவ்வோர் ஆட்டக்காரரின் ஒப்பந்தத்திலும் ஒரு சிறு வாசகம் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் அவரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமையைக் கழகத்துக்கு அவ்வாசகம் அளித்தது. ஆட்டக்காரர் தம் விருப்பப்படி வேறு கழகம் செல்ல முடியாது. கழகமோ அவரைத் தன் விருப்பப்படி விற்கலாம், மாற்றலாம். மிகக் குறைந்த ஆண்டு ஊதியம் 6,000 டொலர்.

மில்லர் உரத்துப் பேசுபவர் அல்லர். கணக்கையும் சட்டத்தையும் ஆட்டக்காரர்க்குப் பொறுமையாகக் கற்பித்தார். 1968இல் உரிமையாளருடன் முதற் கூட்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. மிகக் குறைந்த ஊதியம் 10,000 டொலர் ஆயிற்று. பிணக்குகளை நடுத்தீர்ப்பாளர் ஒருவரிடம் விடவேண்டும் என்னும் விதியை 1970இற் பெற்றார். வெளித்தோற்றத்துக்குச் சிறிய அவ்விதியே பின்னர் பெரிய பூட்டைத் திறந்த சாவியாயிற்று.

இதற்கிடையில் கேர்ட் பிளட் என்னும் சென் லூயிஸ் வீரரை, 1969 ஒக்ரோபரில் அவர் கழகம் பிலடெல்பியாவுக்கு மாற்றியது. பொருளைப்போல் என்னை விற்கலாகாது என்று அவர் மறுத்தார். ஆணையாளர் போவி கூன் அவர் வேண்டுகோளை ஏற்கவில்லை. பிளட் வழக்குத் தொடுத்தார். மில்லரின் சங்கம் அவருக்குத் துணை நின்றது. வெல்வது அரிது, ஆட்டவாழ்வும் முடிந்துவிடும் என்று மில்லர் முன்கூட்டியே எச்சரித்தும் பிளட் பின்வாங்கவில்லை. 1972இல் உயர் நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்னும் வாக்கால் அவர்க்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆயின் விதை விழுந்துவிட்டது. அன்டி மெசர்சிமித், டேவ் மக்னாலி என்னும் இரு பந்தெறிவோர், 1975இல் புதிய ஒப்பந்தத்திற் கையெழுத்திடாமலே ஓராண்டு ஆடினர். அவ்வாசகம் ஓராண்டுக்கே செல்லுமா, என்றென்றும் செல்லுமா என்னும் பிணக்கு நடுத்தீர்ப்பாளர் பீற்றர் சைற்ஸிடம் சென்றது. டிசெம்பர் 23ஆம் நாள், ஓராண்டுக்கே செல்லும் என்று அவர் தீர்ப்பளித்தார். உரிமையாளர்கள் அவரை உடனே பதவி நீக்கினர். தீர்ப்பை நீக்க அவர்களால் இயலவில்லை. மில்லர் பொறுப்பேற்றபோது சராசரி ஆண்டு ஊதியம் 19,000 டொலரளவு. 1982இல் அவர் விலகியபோது அது 2 இலட்சத்து 40 ஆயிரம் டொலரைக் கடந்திருந்தது.

இவருக்குத் தகடு கொடுப்பதா என்பதே ஏறத்தாழ இருபதாண்டு நடந்த வாதம். மறுப்போர் கூற்றையும் நாம் நடுநிலையாய்க் கேட்கவேண்டும். மில்லர் காலத்தில் ஆட்டக்காரர் வேலைநிறுத்தம் செய்தனர். 1981இல் மட்டும் ஐம்பது நாள் ஆட்டம் நின்றது. 712 ஆட்டங்கள் கைவிடப்பட்டன. பணம் பெருகியது, ஊர்ப்பற்றுக் குறைந்தது, நேற்று நம் கழகத்தில் ஆடியவன் இன்று எதிரணியில் ஆடுகிறான். இவ்வாறு ஆட்டத்தின் பழைய அழகைக் குலைத்தவரையோ போற்றுவது என்று அவர்கள் கேட்டனர். இதில் உண்மை சிறிதுமில்லை என்று சொல்ல முடியாது. ஆயின், ஒருவனை அவன் விருப்பத்துக்கு மாறாகக் கட்டிவைத்துப் பெறும் பற்று எவ்வகைப் பற்று? அழகு என்று அவர்கள் கருதியதன் விலையைச் செலுத்தியவர் ஆட்டக்காரரே அன்றோ?

மில்லரின் பெயர் பன்முறை வாக்குக்கு வந்தது. 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மண்டபத்திலுள்ள வீரர்கள் பெரும்பான்மையாக வாக்களித்தபோது நூற்றுக்கு அறுபத்துமூன்று பங்கு பெற்றார்; வேண்டியது எழுபத்தைந்து. பின் முறையை மாற்றிப் பன்னிருவர் குழு ஒன்றை அமைத்தனர். அப்பன்னிருவருள் எழுவர் கழகங்களின் ஆட்சித்தரப்பைச் சார்ந்தவர்கள். அவ்வாண்டு டிசெம்பரில் மில்லருக்குக் கிடைத்தவை மூன்று வாக்குகள். அவருடன் பல்லாண்டு எதிர்நின்று, பெரும்பாலும் தோற்ற ஆணையாளர் போவி கூனுக்குக் கிடைத்தவை பத்து. கூன் உள்ளே சென்றார். மில்லர் வெளியே நின்றார். வழக்கில் தோற்றவனுக்கு மாலை சூட்டி, வென்றவனை வாயிலில் நிறுத்தியதை ஒக்கும் இது. 2008இல் மில்லர், இனித் தம் பெயரைக் கருத வேண்டா என்று எழுதியனுப்பினார். எனினும் மீண்டும் கருதினர். 2010இல் வேண்டியவை பன்னிரண்டு, கிடைத்தவை பதினொன்று. 2012 நவெம்பரில், தொண்ணூற்றைந்தாம் வயதில், அவர் மறைந்தார். 2019 டிசெம்பரிற் சரியாகப் பன்னிரண்டு வாக்குகள் கிடைத்தன. பெருந்தொற்றினால் விழா தள்ளிப்போய், 2021 செப்ரெம்பரில் அவர் தகடு பதிக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? தகுதியைப் பற்றிய கேள்விக்கு முன்னர், தகுதியைத் தீர்மானிப்போர் யார் என்னும் கேள்வி நிற்கின்றது. 2007க்கும் 2019க்கும் இடையில் மில்லர் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. மாறியவர்கள் நீதியாளரே. பண்ணையாரின் கணக்கை ஆராயும் குழுவில் பண்ணையாரின் உறவினரே மிகுந்திருந்தால், குத்தகைக்காரனுக்குக் கிடைக்கும் தீர்ப்பு எப்படியிருக்கும் என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பொஸ்ரன் கழகத்தின் உரிமையாளர் ரொம் யோக்கியை 1980இல் எவ்வளவு எளிதாகச் சேர்த்தனர் என்பதையும் இத்துடன் ஒப்பிடுக. அவர் நாற்பதாண்டுக்கு மேல் கழகத்தை வைத்திருந்தார், தாராளமாகச் செலவிட்டார். ஆயினும் இறுதித் தொடரை ஒருமுறையும் வெல்லவில்லை. அன்றியும், கறுப்பின வீரரைச் சேர்த்த பெருங்கழகங்களுள் பொஸ்ரனே கடைசி. அது நிகழ்ந்தது 1959இல், றொபின்சன் களமிறங்கிப் பன்னிரண்டாண்டு கழித்து. மைதானத்தை ஒட்டிய தெருவுக்கு இட்ட அவர் பெயரை 2018இல் நகரம் நீக்கியது. இனி, ஆணையாளர் பட் சீலிக்கை 2016 டிசெம்பரிற் பதினாறில் பதினைந்து வாக்குகளால் தெரிவுசெய்தனர். கழகங்களிடையே வருவாயைப் பங்கிடும் முறையை வளர்த்தவர் அவர். ஆயின் ஊக்கமருந்து பரவிய காலமும் அவர் காலமே. மருந்து கொண்டனர் என்னும் ஐயத்தால், பரி பொன்ட்ஸ், ரோஜர் கிளெமென்ஸ் என்னும் மாபெரும் ஆட்டக்காரர் இருவரும் பத்தாண்டு வாக்கெடுப்பிலும் தோற்று 2022இற் பட்டியலிலிருந்து நீங்கினர். வீட்டிற் புகை சூழ்ந்தபோது உள்ளிருந்தவர் குற்றவாளிகள், வீட்டுக்குப் பொறுப்பாளர் மட்டும் மேன்மையாளர் என்பது பொருந்துமா?

இன்னும் வெளியே நிற்போர் சிலரைக் காண்போம். 1974 செப்ரெம்பர் 25ஆம் நாள், டொக்டர் பிராங் ஜோப் என்பவர், ரொம்மி ஜோன் என்னும் பந்தெறிவோரின் முழங்கையிற் சிதைந்த தசைநாருக்கு மாற்றாக, மற்றக் கையிலிருந்து எடுத்த நாணைப் பொருத்திச் சத்திரசிகிச்சை செய்தார். முன்னர் அத்தகைய காயம் பட்டவரின் தொழில் அன்றே முடிந்துவிடும். ஜோனோ 1976இல் மீண்டு வந்து, 1989 வரை ஆடி, அதன்பின் மட்டும் 164 ஆட்டங்களை வென்றார். அச்சிகிச்சையால் மீண்டவர் இன்று எண்ணிறந்தோர். 2013இல் விழாவுக்கு அழைத்து டொக்டரைப் பாராட்டினர். பாராட்டுரை கிடைத்தது, தகடு கிடைக்கவில்லை.

ஹென்றி சட்விக் என்னும் செய்தியாளர் இங்கிலாந்திற் பிறந்தவர். துடுப்பாட்டத்தைப் பற்றி எழுதிப் பழகியவர். ஆட்டத்தின் விளைவைச் சிறு கட்டத்துக்குள் எண்களால் எழுதிக்காட்டும் முறையை பேஸ்போலில் வளர்த்தமைக்காக 1938இற் சேர்க்கப்பட்டார். அவர் செய்ததன் தொடர்ச்சியை நம் காலத்திற் செய்தவர் பில் ஜேம்ஸ். கன்சாஸ் மாநிலத்தில் உணவு அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இராக் காவலராக இருந்துகொண்டே, 1977 முதல் ஆண்டுதோறும் ஆராய்ச்சி ஏடு வெளியிட்டார். எந்த எண் வெற்றியைத் தருகிறது, எந்த எண் வெறும் பகட்டு என்று பிரித்துக் காட்டினார். தொடக்கத்தில் நகைத்த கழகங்கள், இன்று அவர் காட்டிய வழியிற் கணக்காய்வோரை வேலைக்கு அமர்த்துகின்றன. எண்களை எழுதக் கற்பித்தவர்க்கு இடமுண்டாயின், எண்களைப் படிக்கக் கற்பித்தவர்க்கு ஏன் இல்லை?

வானொலியில் இருந்து பேசும்போது வானொலியாளரை மறத்தல் ஆகாது. வின் ஸ்கலி என்பவர் 1950 முதல் 2016 வரை அறுபத்தேழு ஆட்டப்பருவங்கள் டொட்ஜேர்ஸ் கழகத்தின் வர்ணனையாளராக இருந்தார். மைதானத்துக்கு வந்தவர்களும் சிறு வானொலிப் பெட்டியைக் காதில் வைத்து, கண்ணாற் கண்டதை அவர் வாயாற் கேட்டனர். இத்தகையோர்க்கு 1978 முதலும் செய்தியாளர்க்கு 1962 முதலும் மண்டபத்தில் விருது வழங்கப்படுகிறது. ஆயின் விருது பெற்றவர் மண்டபத்தின் உறுப்பினர் அல்லர். வாசலிற் பெரிய நாற்காலி. உள்ளே பந்தியில் இலை இல்லை. ஊர் ஊராய் அலைந்து, புழுதி மைதானங்களிற் பதினேழு வயது இளைஞரைக் கண்டெடுக்கும் திறன்தேடுவோர்க்கு அந்த நாற்காலியும் இல்லை. அப்பணிக்காக ஒருவரேனும் இன்றுவரை மண்டபம் புகவில்லை. அவர்கள் கண்டெடுத்த இளைஞர் பலர் உள்ளே இருக்கின்றனர்.

அங்ஙனமாயின், களத்தில் ஆடாதவரை அளக்கும் கோல் யாது? மூன்று கேள்விகள் போதும் என்று தோன்றுகிறது. முதலாவது, இவர் வகித்த பதவியைப் போற்றுகிறோமா, செய்த செயலைப் போற்றுகிறோமா? இக்கேள்வியின் முன் பல்க்லியும் கூனும் நிற்பது கடினம். ஹல்பேட்டும் மில்லரும் நிமிர்ந்து நிற்பர். இரண்டாவது, இவர் இல்லாதிருந்தால் ஆட்டம் வேறாக இருந்திருக்குமா? றிக்கி, அடம்ஸ், ஜோப், ஜேம்ஸ் நால்வருக்கும் இதில் ஐயமில்லை. மூன்றாவது, இவர் செயலின் பயன் யாருக்குச் சென்றது, சுமை யார் தலையில் விழுந்தது? லண்டிஸையும் யோக்கியையும் பற்றி நாம் தயங்குவது இக்கேள்வியாலேயே. கேர்ட் பிளட்டின் பெருமை விளங்குவதும் இக்கேள்வியாலேயே. அவர் சிறந்த ஆட்டக்காரர். ஆயினும் தம் ஆட்டத்தால் அன்றி, ஆட மறுத்ததால் ஆட்டத்தை மாற்றியவர். சுமை முழுவதும் அவர் தலையில் விழுந்தது. பயன் முழுவதும் பின்வந்தவர்க்குச் சென்றது. அவருக்கும் இன்னும் தகடு இல்லை.

தகாதவரின் தகடுகளைப் பெயர்த்தெறிய வேண்டும் என்று இதனாற் சொல்லவில்லை. எந்தத் தலைமுறை எவரைப் பெரியவர் என்று எண்ணிற்று என்பதற்கு அவையும் சான்றாக நிற்கட்டும். அவற்றின் கீழ் முழு வரலாற்றையும் எழுதி வைத்தாற் போதும். ஆயின் இனித் தெரிவுசெய்யும் குழுவில், தம் பழைய வழக்குக்குத் தாமே தீர்ப்புச் சொல்வோர் மிகாதிருக்க வேண்டும். தகுதியுடையார் உயிரோடிருக்கும்போதே முடிவெடுக்க வேண்டும். வெண்கலத்துக்குக் காலம் பொருட்டன்று. தொண்ணூற்றுநான்கு வயது முதியவர்க்கு அடுத்த ஆண்டு என்பது வெகு தொலைவு.

களத்திலே ஓடுபவனை எல்லாரும் காண்கிறோம். அவன் ஓடும் தூரத்தை அளந்தவன், அவன் ஊதியத்துக்கு வாதாடியவன், அவன் முறிந்த கையைப் பொருத்தியவன், அவன் நிறத்தைப் பாராமற் கதவைத் திறந்தவன் ஆகியோர் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவர்களைத் தேடிக் கண்டறிந்து பெயர் பொறிப்பதே புகழ் மண்டபம் ஒன்றுக்கு உரிய அரிய கடமை. நன்றாக ஆடியவன் புகழை மக்கள் தாமே நினைவில் வைப்பர். அவனை ஆடச் செய்தவர்களின் பெயரை மண்டபமே நினைவிற் காக்கவேண்டும்.